முதல்வர் நாற்காலியின் சூடு

வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் ஆணை. சுருளித் தீர்த்தத்தின் மேல் ஆணை. இன்னும் போதாது என்பவர்களுக்காக, அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பது நாளான என் வலது கண்ணின் மேலும் ஆணை. இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு வயது எழுபத்திரண்டு. பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு இப்போது என் தலைக்குள் ஆள் இல்லை.

உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களுக்குள்ளே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே மெக்கானிக்கல் துறையின் வெப்ப ஆய்வகத்தில் நான் உதவியாள். பெயர் ஈஸ்வரபாண்டி. கல்லூரிக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று குழிக்குள் இருந்தேன். மேலே ஏறி வந்தபோது கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் நோட்டுத் திராட்சை. பன்னீர் திராட்சையைப் பெட்டியில் அடுக்கும்போது அடியில் தாள் விரிப்பார்கள். செய்தித்தாளின் மை பழத்தில் ஒட்டுகிறது என்று கேரளத்துக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பேனாவால் எழுதிய நோட்டுத் தாள் ஒட்டாது. ஆகவே பரீட்சை முடிவு வந்த மறுநாள், பாஸான பிள்ளைகள் தங்கள் நோட்டுகளை மொத்தமாகக் கட்டிப் பெட்டி போடும் கொட்டகையில் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் திராட்சை வாங்கி வகுப்போடு உட்கார்ந்து தின்பார்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் இப்படியே குமுளி மலையேறிப் போய்விடும். ஒருமுறை கோட்டயத்துக் கடைக்காரர் ஒருவர் கல்லூரிக்குப் போன் போட்டார். பெட்டி பெட்டியாக ஒரு பெரிய கணக்கை வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசித் தாள் இருந்த பெட்டி சங்கனாசேரிக்குப் போய்விட்டதாம். விடை என்ன என்று கேட்டார். எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் போன வருடம் ஜூனில் உமாதேவி மேடம் வந்து சேர்ந்தார். பண்ணைப்புரத்துக்காரர். முப்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவும் தெரியாதவர். மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு வெப்பப் பரிமாற்றம் நடத்த வேண்டியது அவர் வேலை. வகுப்பில் நாற்பத்திரண்டு பையன்கள், முனீஸ்வரி என்று ஒரே ஒரு பெண், ஆக நாற்பத்து மூன்று பேர்.

முதல் நாள் உள்ளே வந்ததும் கேட்டார்.

"முதல் வருஷக் கணக்கு நோட்டு யார்ட்ட இருக்கு?"

மாரிசெல்வம் எழுந்தான். வகுப்பு சார்பில் பேசுவதெல்லாம் அவன்தான். "தின்னுட்டோம் மேடம்."

"என்னது?"

"நோட்டுத் திராட்சை மேடம். ஆளுக்கு ஒரு கொத்து. எனக்கு ரெண்டு. நான் கிராஃபெல்லாம் போட்டிருந்தேன்."

மேடம் சாக்பீஸை எடுத்தார். பலகையில் இரண்டு கணக்கு எழுதினார். முதலாவதில் எக்ஸும் ஒய்யும் இருந்தன. ஒய் மாறும் வேகம் ஒய்யைப் பொறுத்தது என்றால் ஒய் எவ்வளவு என்ற கேள்வி. இரண்டாவதில் டீ இருந்தது. டீயின் சூடு எண்பது டிகிரி, அறையின் சூடு முப்பது, ஆறும் வேகத்துக்கு ஓர் எண்ணும் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து டீ எவ்வளவு சூடாக இருக்கும் என்று கேட்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் எட்டோடு நின்றவன். எனக்கே இரண்டும் ஒரே கணக்கு, சட்டை மட்டும் வேறு என்று தெரிந்தது. முப்பது வருடம் ஆய்வகச் சுவரில் சாய்ந்து நின்றால் சுவருக்கே கொஞ்சம் புரியும்.

முதல் கணக்கை நாற்பத்தொரு பேர் சரியாகப் போட்டார்கள். இரண்டாவதை ஒருவரும் தொடவில்லை, மாரிசெல்வத்தைத் தவிர. அவன் விடை நானூற்று முப்பது டிகிரி.

"நானூத்தி முப்பதா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். ரெண்டு தடவ சரி பாத்தேன்."

"அந்தச் சூட்டுல ஈயமே உருகிரும்பா."

"அப்ப ஈயம் பூசின பாத்திரத்துல டீ குடிக்கக் கூடாது மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் போய் ஒரு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அடுத்த ஒரு மணி நேரமும் டீ அங்கேயே இருந்தது. மணி அடித்ததும் மாரிசெல்வத்தைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார். அவன் டம்ளரைத் துண்டால் பிடித்து எடுத்தான். மூன்று தடவை ஊதினான். பிறகு குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"ஆறிப்போச்சு மேடம்."

"அப்ப உன் கணக்கு?"

"கணக்கு சரிதான் மேடம். டீதான் சரியில்ல."

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் மேடத்தைச் சுட்டது என்று நினைக்கிறேன். நாற்பத்து மூன்று பேரும் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். முனீஸ்வரி மட்டும் எழுந்தாள். அனுமந்தன்பட்டியில் பந்தல் வைத்திருக்கும் வீட்டுப் பெண். வாயில் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

"மேடம், எக்ஸ் ஒய்யின்னு கேட்டா சொல்லிருவோம். அது மேத்ஸ். இங்கன டீ, ரூமுன்னு கேக்குறீக. இது மெக்கானிக்கல். ரெண்டையும் கலந்தா எப்படி?"

"ஏன், கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேல கட்டிட்டு வந்தா உங்க அம்மாவ உனக்கு அடையாளம் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்? வீட்டுல நூல்சேலதான கட்டியிருந்தாக?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்தக் கல்லூரியில் அவள் வாய் மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் முதல் இருபது நிமிடம் மேடம் பாடம் நடத்தவில்லை. கண்ணில் பட்டதைக் கொண்டுவரச் சொன்னார். பட்டறையில் காய்ச்சிய இரும்புக் குண்டு, இஸ்திரிப் பெட்டி, வெயிலில் நின்ற பைக்கின் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. "இவன முன்னாடி எங்கன பாத்திருக்கீக?" விடையை அவர் சொல்லவே மாட்டார். பிள்ளைகள் முழிப்பார்கள். சங்கனாசேரி வரைக்கும் போன நோட்டை மண்டைக்குள் தேடுவார்கள். ஒரு மாதத்தில் முழிப்பது குறைந்தது. இரண்டாம் மாதம் மாரிசெல்வம் வாழைப்பழ லாரியின் சைலன்சரைப் பார்த்து, "ஏலே, நம்மாளுடா!" என்று கூவினான்.

மூன்றாம் மாதம் வம்பு வந்தது. கேன்டீன் சாம்பாரால்.

மதியம் பன்னிரண்டரைக்கு வரும் சாம்பாரைச் சுடச்சுட இப்போதுதான் இறக்கினோம் என்று கேன்டீன்காரர் சொல்வார். பிள்ளைகள் அளந்தார்கள். அரை மணி கழித்து மறுபடி அளந்தார்கள். பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். சாம்பார் அடுப்பை விட்டு இறங்கியது காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என்று கேன்டீன் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள், படிகளோடு. கேன்டீன்காரர் கொதித்தார். அவர் எங்கள் முதல்வருடைய மைத்துனர்.

முதல்வர் டாக்டர் சூரியபிரகாஷ் மேடத்தைக் கூப்பிட்டுவிட்டார். அறைக்கு மின்விசிறி மாட்ட நானும் போயிருந்தேன். ஏணி மேல் நிற்பவனுக்குக் காது கேட்காது என்பது படித்தவர்களின் நம்பிக்கை.

"மேடம், மூணாவது வருஷத்துல முதல் வருஷப் பாடம் எதுக்கு? அதுலதான் அவன் பாஸ் பண்ணிட்டானே."

"பாஸ் பண்ணிட்டான் சார். இப்ப அத வச்சு என்ன செய்யணும்னு தெரியல."

"அது உங்க வேல இல்ல. கொஸ்டின் பேங்க் குடுத்திருக்கேன். நாப்பது கேள்வி, நாப்பது பதில். அத மனப்பாடம் பண்ண வைங்க. யுனிவர்சிட்டில பாஸ் வரும். எல்லாருக்கும் நல்லது."

"நாப்பத்தொண்ணாவது கேள்வி வந்தா சார்?"

"வராது."

"வேலைக்குப் போற எடத்துல நாப்பத்தொண்ணுதான் சார் வரும்."

முதல்வர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. நான் ஒரு திருகாணியைக் கீழே போட்டேன், பேச்சு தணியட்டும் என்று. தணியவில்லை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆய்வகத்தில் தேநீர் தடை. பிள்ளைகள் வெந்நீரை வைத்து அளந்தார்கள். இரண்டாவது சுற்றறிக்கை. வெந்நீர் தடை. பிள்ளைகள் சுடுசோற்றை வைத்து அளந்தார்கள். மூன்றாவது சுற்றறிக்கையோடு முதல்வரே வந்தார். ஆய்வகத்து வெப்பமானிகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை முனீஸ்வரி ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு கரண்டி நெய்யும் கொண்டுவந்தாள். மெழுகு எத்தனை டிகிரியில் உருகும், நெய் எத்தனையில் உறையும் என்பது முதல் வருட வேதியியல். அவை உருகுவதையும் உறைவதையும் பார்த்தே சூட்டைச் சொன்னார்கள். வேதியியலையும் ஞாபகப்படுத்திக்கொண்டார்களே என்று மேடத்துக்குச் சந்தோஷம். முதல்வருக்கு அது ஒழுங்கீனம்.

புதன்கிழமை மேடத்தின் கையில் மெமோ வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு முதல்வர் அறைக்கு வந்து எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார். அன்றைக்குப் பதினொரு மணிக்குச் சேர்மனும் வருகிறார் என்று ஆபீசில் பேச்சு.

வியாழன் பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே மேடம் வந்துவிட்டார். நான் வராண்டாவில் டியூப்லைட் துடைத்துக்கொண்டிருந்தேன். அறை திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றியது. நாற்காலி காலி. மேடம் நின்றார். பத்தேகால் ஆயிற்று. பத்து இருபதுக்கு வகுப்பு மணி அடித்தது.

"இருங்க மேடம், வந்துருவாக," என்றேன்.

"நாப்பத்து மூணு பேரு உக்காந்திருக்காக தாத்தா. ஒரு காலி நாற்காலிக்காக அவுகள விட முடியுமா?"

போய்விட்டார். பத்து ஐம்பத்தைந்துக்கு முதல்வர் பின்பக்கக் கதவு வழியாக வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொன்றுக்குச் சேர்மனின் கார் வந்தது.

சேர்மன் தங்கப்பாண்டியன் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கோபப்படுவார். நேராக முதல்வர் அறைக்குள் போனார். முதல்வர் பாதி எழுந்து கும்பிட்டு, மறுபடி உட்கார்ந்தார். மேடத்துக்கு ஆள் போயிற்று. மேடம் வந்தார். பின்னாலேயே முனீஸ்வரியும் மாரிசெல்வமும் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மீதி வகுப்பு. நாற்பத்தொரு பேர் வராண்டாவில் நின்றார்கள். துடைக்க இன்னும் டியூப்லைட் இருந்ததால் நானும் இருந்தேன்.

"பத்து மணியிலேர்ந்து இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல சார்," என்றார் முதல்வர். "இவுக வரவே இல்ல. மெமோவுல எழுதியிருக்கிறபடி இன்னைக்கோட முடிச்சுக்கலாம்."

"நான் வந்தேன். நாற்காலி காலி," என்றார் மேடம்.

"நானும் பாத்தேன் சார். காலிதான்," என்றேன் கதவோரத்தில் இருந்து.

சேர்மன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பேசாத. போன மாசம் சுருளி அருவி மேல்பக்கமாப் போச்சுன்னு சொன்ன ஆளு நீ."

"அன்னைக்கிக் காத்து அப்படி சார்."

சேர்மன் மேடத்திடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க வார்த்தையும் அவர் வார்த்தையும் எதிரெதிரா இருக்கும்மா. நான் எதப் பிடிக்க? ஒண்ணு செய்யுங்க. இனி கொஸ்டின் பேங்க் மட்டும் நடத்துறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வேல ஒங்களுக்கு இருக்கும். மனசிலாயோ?"

"எழுத மாட்டேன் சார்."

"வேல போயிரும்மா."

"போகட்டும் சார். ரெண்டு வருஷம் படிச்சத மூணாவது வருஷத்துல தொடாதேன்னு எழுதிக் குடுக்குறதுக்கு நான் எதுக்கு? அதுக்குக் கேட்டுல ஒரு பூட்டுப் போதும்."

முதல்வர் முகத்தில் ஒரு திருப்தி. மேடம் முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அழவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான் நிற்பார்.

முனீஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க."

"என்னது?" என்றார் முதல்வர்.

"நாற்காலியக் கேக்கணும் சார்."

"ஏய், வெளிய போம்மா!"

"சேர்மன் சார், ஒரு மணி நேரமா ஒரே ஆளு உக்காந்திருந்தா இந்த ஸ்பாஞ்சு ஒரு சூடு. இப்பத்தான் வந்து உக்காந்திருந்தா வேற சூடு. அளந்தா எத்தன நிமிஷம்னு சொல்லிரலாம்."

மாரிசெல்வம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "ஏ, இது நடத்தலியே. நம்ம பாத்ததெல்லாம் ஆறுறது. இது சூடாகுறது. கேன்டீன்லகூட இது இல்ல."

"ஏலே, ஏறுனா என்ன, எறங்குனா என்ன? போய்ச் சேர வேண்டிய எடத்துக்கும் இவன் இருக்கிற எடத்துக்கும் எவ்வளவு தூரம்னுதான பாக்கணும்? நம்மாளுதான்டா. தலைகீழா நிக்கான்."

மாரிசெல்வம் யோசித்தான். அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "ஆமா சார், எந்திரிங்க சார்," என்றான் முதல்வரைப் பார்த்து.

ஜன்னல் பக்கம் திரும்பிய தோள் ஒன்று லேசாக இறங்கியதை நான் பார்த்தேன்.

சேர்மனுக்கு இப்போது சுவாரசியம் பிடித்துவிட்டது. முதல்வரை எழச் சொன்னார். முனீஸ்வரி என்னிடம் திரும்பினாள். "தாத்தா, வெப்பமானியெல்லாம் சார் பூட்டி வச்சிருக்காரு. கேட்டுல கொரோனாத் துப்பாக்கி தொங்குதுல்ல, அத ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."

நெற்றிக்கு நேரே நீட்டினால் காய்ச்சல் சொல்லுமே, அந்தத் துப்பாக்கி. பொருள்களை அளக்கவும் அதில் ஒரு பொத்தான் உண்டு. எழுபத்திரண்டு வயதில் கேட்டுக்குப் போய்த் திரும்ப எனக்குப் பதினெட்டு விநாடி ஆயிற்று. அவள் வாங்கி நாற்காலியின் நடுவில் நீட்டினாள்.

"யாரும் கிட்ட வராதீக. மூச்சுக் காத்து பட்டாக்கூட கணக்கு மாறிரும்." குனிந்து பார்த்தாள். "முப்பத்து மூணு."

"எனக்குக் காட்டு," என்றார் சேர்மன். பையைத் தடவினார். கண்ணாடியைக் காரிலேயே விட்டிருந்தார். "சரி, நீயே வாசி."

பக்கத்தில் ஒருவரும் உட்காராத நாற்காலி ஒன்றை அளந்தாள், முப்பது. அறையின் சூடு. அடுத்து, நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்தே இருக்கும் நாற்காலி ஒன்று வேண்டும், ஸ்பாஞ்சு போய்ச் சேரும் கடைசிச் சூடு எவ்வளவு என்று தெரிய. எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே பெயரைச் சொன்னோம். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் சுகிர்தம் அம்மா. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பதினொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது.

"எதுக்கு எந்திரிக்கணும்?" என்றார் சுகிர்தம் அம்மா.

"அறிவியலுக்கு மேடம்," என்றான் மாரிசெல்வம்.

"சர்குலர் இருக்கா?"

சேர்மனே நேரில் போய்க் கேட்ட பிறகு எழுந்தார். முனீஸ்வரி அளந்தாள். முப்பத்தாறு.

"இனி ஒண்ணே ஒண்ணு பாக்கி சார். எவ்வளவு வேகமாச் சூடு ஏறுதுன்னு தெரியணும். யாராச்சும் ஆறு நிமிஷம் அசையாம உக்காரணும். எல்லா நாற்காலியும் ஒரே லாரியில வந்த ஒரே சாதி."

"நான் உக்காருறேன்," என்றார் சேர்மன். முப்பது காட்டிய அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேசக் கூடாது சார். அசையக் கூடாது."

ஏலத்தோட்டத்தில் எண்பது பேரை விரட்டும் மனிதர். ஆறு நிமிடம் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் இருந்தார். நடுவில் ஓர் ஈ மூக்கில் வந்து உட்கார்ந்தது. முனீஸ்வரி அதை முறைத்தாள். பறந்துவிட்டது. நேரம் முடிந்து எழுந்தார். முப்பத்திரண்டு.

"எங் கனமும் அவர் கனமும் ஒண்ணா வருமா?" என்று கேட்டார் சேர்மன். நியாயமான கேள்வி.

"கனம் இல்ல சார். ஒட்டியிருக்கிற எடத்துக்கு நட்ட நடுவுலதான் அளந்தேன். அங்கன எல்லாரும் ஒண்ணுதான்."

மெமோவின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஸ்பாஞ்சு ஏற வேண்டியது ஆறு டிகிரி. சேர்மன் உட்கார்ந்த ஆறு நிமிடத்தில் இரண்டு ஏறி, நான்கு பாக்கி. முதல்வர் உட்கார்ந்ததில் மூன்று ஏறி, மூன்று பாக்கி. மாரிசெல்வம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் சரி பார்த்தான். ஓரிடத்தில், "மைனஸ்," என்றான். "போட்டிருக்கேன்டா, கண்ண நல்லாத் தொற," என்றாள். கால்குலேட்டரைத் தட்டினாள்.

"ஒரு மணி நேரமா உக்காந்திருந்தா முப்பத்தஞ்சு புள்ளி ஒம்பது இருக்கணும் சார். இருக்கிறது முப்பத்து மூணு. பத்தேகால் நிமிஷம். அதுக்கு மேல சார் இந்த நாற்காலியில இல்ல."

சேர்மன் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் நாற்காலியைப் பார்த்தார், சொந்தக்காரனே காட்டிக்கொடுத்துவிட்டதுபோல்.

"எங்கன போயிருந்தீக?"

"பாத்ரூம் சார்."

"ஒரு மணி நேரமா?"

"சார், அதையும் கணக்குப் போட்டு..." என்று ஆரம்பித்தான் மாரிசெல்வம்.

"வேணாம்யா," என்றார் சேர்மன் அவசரமாக.

முதல்வருடைய நெற்றியில் வேர்வை. பத்து நாற்காலிகள் தன்னைச் சுற்றி நிற்பதுபோல் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார். "உத்தமபாளையம் போயிருந்தேன் சார். பாத்திரக் கடைக்கு. கேன்டீனுக்கு ஒரு அண்டா பாக்கணும்னு மைத்துனன் கூப்பிட்டான்."

"என்ன அண்டா?"

"ரெட்டைச் சுவர் வச்சது சார். காலையில ஊத்துனா மதியம் வரைக்கும் சூடு எறங்காது. இந்தப் புள்ளைகளால அளக்க முடியாது."

ஜன்னல் பக்கம் இருந்து மேடம் இப்போதுதான் திரும்பினார். "ரெட்டைச் சுவர்னா வெப்பம் கடத்துறது குறையும் சார். மூணாவது யூனிட்டு. நீங்களும் முன்னாடி படிச்சதப் பயன்படுத்தியிருக்கீக."

சேர்மன் மெமோவை எடுத்தார். கிழிக்கப் போனார். பின்பக்கத்தில் கணக்கு இருந்ததைப் பார்த்து நிறுத்தினார். நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மேடம் இங்கதான் இருப்பாக," என்றார். "முதல் இருபது நிமிஷம் அவுக இஷ்டம். அதுல யாரும் தலையிடக் கூடாது. முதல்வரும் இங்கதான் இருப்பாரு. ஆனா இருக்கிறப்ப இருக்கணும்."

மேடம் கும்பிட்டுவிட்டு வகுப்புக்கு நடந்தார். நாற்பத்து மூன்று பேரும் பின்னால் போனார்கள். வராண்டாவில் முனீஸ்வரியிடம் மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாற்காலிய எப்படி நெனச்ச?"

"உங்க கூடவே வந்தேன் மேடம். அவர் உக்காந்திருந்தத பாத்தேன். இவன முன்னாடி எங்கன பாத்திருக்கோம்னு தோணுச்சு."

அடுத்த வாரம் முதல்வர் அறைக்கு மர நாற்காலி வந்தது. ஸ்பாஞ்சு நாற்காலிகள் எல்லாம் கிடங்குக்குப் போயின. மரம் சூட்டை எப்படி வாங்கும் என்று அன்று மாலையே வகுப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். உமாதேவி மேடம் இப்போதும் அங்கேதான் நடத்துகிறார். நவம்பரில் நடந்த பல்கலைக்கழகத் தேர்வில் அந்த வகுப்பில் நாற்பத்து மூன்று பேரும் பாஸ். நாற்பத்தொன்றாவது கேள்வி வந்திருந்ததாம்.

கேட்டில் தொங்கிய அந்தத் துப்பாக்கியில் இருந்த பேட்டரி இரண்டையும், அந்த வியாழனுக்கு இரண்டு வருடம் முன்பே கழற்றி என் வீட்டு டிவி ரிமோட்டில் போட்டுவிட்டேன்.